ஹானாவுக்கு ஒரு நாள் கொடுக்கலாமா

ஹானா,
ஜூன் முதல் வாரம்

அன்புள்ள கியோக்கிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் வேறு கதை சொன்னால் நீ எதை நம்புவாய்? அதனால் இருக்கிறோம் என்றே வைத்துக்கொள். போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் நீ "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். கடிதத்தில் அப்படித் தப்பிக்க முடியாது.

நீ செல்லில் அனுப்பிய செய்தியைப் படித்தேன். அடுத்த மாதம் நம் மாவித் தீவுக்கு வருகிறீர்கள், வைலேயாவில் ஹோட்டல் எடுத்தாயிற்று, லாஸ் வேகஸில் உன் முதலாளி ஒரு வாரத்துக்கு மேல் லீவு தரமாட்டான், அதில் போக வர விமானத்துக்கே இரண்டு நாள் போய்விடும், எல்லாம் சரி. அதற்குப் பிறகு நீயும் உன் பெண்டாட்டியும் கேட்டிருந்ததை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "ஷெல்பி இன்டர்நெட்ல படிச்சாளாம்மா, ஹானா போய்ட்டு வர ஒரு முழு நாள் ஆகுமாம். சிலர் ஆகா ஓகோங்கிறாங்க, சிலர் வேஸ்ட்டுங்கிறாங்க. நீங்க அங்கயேதான இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் அதுக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டிருந்தாய். அப்பா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு தோட்டத்துப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

கேட்டுவிட்டாய், பதில் சொல்ல வேண்டியது என் கடமை. உல்லாசப் பயணிக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். பாதை முழுக்க வளைவுதான். ஷெல்பிக்கு வயிற்றைப் புரட்டும் என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய், புரட்டத்தான் செய்யும். பாலங்களில் ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரில் வருகிறவன் புதியவனாக இருந்தால் நட்டநடுவில் நிறுத்திவிட்டு முழிப்பான். முதல் அருவியில் எல்லோரும் இறங்குவார்கள், மூன்றாவது அருவிக்குப் பிறகு பிள்ளைகள் தலைநிமிர்ந்துகூடப் பார்க்காது. வழியில் கழிப்பறை கிடைப்பது அபூர்வம். மழை வந்தால் கடல் தெரியாது, மழை வராத நாள் இங்கே குறைவு. இத்தனையும் பட்டுக்கொண்டு வந்து சேர்ந்தால், ஊர்க் கடைவாசலில் நின்றுகொண்டு என்னிடமே கேட்பார்கள், ஹானாவுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று. இதுதான் ஹானா என்று சொன்னால், இவ்வளவுதானா என்று முகம் தொங்கிப்போகும். ஆகவே நீச்சல்குளமும் மணலும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறவர்கள் அங்கேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

உனக்கு இந்தப் பாதையை நான் விளக்க வேண்டியிருக்கிறது பார். உன் அப்பா உனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த பாதை.

இன்னொரு யோசனையும் எழுதியிருந்தாய். அப்பாதான் டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் கஹுலூயி டவுனுக்கு வருகிறாரே, அந்த நாளில் அங்கேயே மதியம் ஒரு மணி நேரம் எல்லோரும் அவரைப் பார்த்துவிட்டால் ஒரு நாள் மிச்சமாகுமே என்று. இது ஷெல்பி யோசனையா உன் யோசனையா, நான் கேட்கவில்லை. உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் விடிவதற்கு முன்னால் வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகிறது. அங்கே மெஷினில் படுக்கப் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய தண்ணீரை இழுத்துவிட்டு அனுப்புகிறார்கள். வெளியே வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். திரும்பி வரும் வழியில் அதே வளைவுகளில் வாந்தி எடுப்பார். பேரப்பிள்ளைகள் அவரை அந்த நிலையில் பார்க்கக்கூடாது என்பது அவர் பிடிவாதம். அதில் நானும் அவர் கட்சிதான்.

மற்றபடி இங்கே எல்லாம் பழையபடிதான். பின்கூரை ஒழுகுகிறது. ஈரப்பலா காய்த்துக் கொட்டுகிறது, பறிக்க ஆளில்லை. உன் சித்தப்பா ஹனலே நாய் ஒன்று வாங்கியிருக்கிறான், அது அவனைத் தவிர எல்லோர் பேச்சையும் கேட்கிறது.

வியாழக்கிழமை மெஷின் இல்லாத நாள். முந்தின நாள் களைப்பு மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் தெளிந்து, அவர் அவராக இருக்கிற நாள். வருவதானால் அன்றைக்கு வா. வரவில்லை என்றால் வரவில்லை என்று ஒரு வார்த்தை தெளிவாக எழுதிவிடு. உன் செய்தி வந்ததிலிருந்து நாற்காலியைத் தோட்டத்துப் பக்கத்திலிருந்து எடுத்து ரோட்டைப் பார்த்துப் போட்டிருக்கிறார். எடுத்து உள்ளே வைக்கவா வேண்டாமா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அம்மா,
நோயெலானி


ஹானா,
ஜூன் கடைசி

அன்பு மகனுக்கு,

வியாழக்கிழமை வருகிறோம் என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டியதிலிருந்து இந்த வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. அதைச் சந்தோஷமாகத்தான் சொல்கிறேன். அப்பா காலையில் எழுந்ததும் ஷேவ் செய்கிறார். யாருக்கு என்று கேட்டால் கண்ணாடிக்கு என்கிறார். மண்ணுக்குள் பன்றியை வேகவைக்கும் இமுக் குழியைத் திறந்து பார்த்து, உள்ளே முளைத்திருந்த செடியெல்லாம் பிடுங்கியாயிற்று. கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து சூட்டில் வெடிக்கிற கல் எது, வெடிக்காத கல் எது என்று பிரித்து வைத்திருக்கிறார். ஹனலே தீவின் காய்ந்த பக்கம் போய்ச் சீமைக்கருவை விறகு ஒரு வண்டி ஏற்றி வந்தான். பன்றி சொல்லியாயிற்று. சின்னதாகச் சொல்லுங்கள் என்றேன். "புள்ள குடும்பத்தோட வர்றான், சின்னப் பன்னியவா காட்டுறது" என்று ஒரு அதட்டல்.

இதில் நான்கு விஷயம் உன்னிடம் கேட்க வேண்டும், பதில் எழுது. மேசனும் ஐவியும் பன்றிக்கறி சாப்பிடுவார்களா? ராத்திரி நீயும் ஷெல்பியும் உன் பழைய அறையில் படுத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்குக் கூடத்தில் மெத்தை போடவா, இல்லை உங்களோடேயே படுப்பார்களா? ஷெல்பிக்குச் சேப்பங்கிழங்குக் கூழ் பிடிக்குமா, இல்லை அவளுக்குத் தனியாகச் சோறு வைக்கவா? நீங்கள் ஏதோ வேனில் வருகிறீர்கள் என்று எழுதியிருந்தாய், அந்த வேன் உங்களை வீட்டில் இறக்கிவிடுமா, ரோட்டில் இறக்கிவிடுமா? திரும்பிப் போவதைப் பற்றிக் கவலைப்படாதே. வெள்ளிக்கிழமை சாவகாசமாக ஹனலே கொண்டுபோய் ஹோட்டலில் விடுவான்.

மத்தியானம் வந்து சேர்வீர்கள் என்று எழுதியிருக்கிறாய். நல்லதாகப் போயிற்று. குழியில் காலையில் இறக்கினால் பொழுது சாயும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். அதுவரை பிள்ளைகள் கடலில் ஆடட்டும். அக்கம்பக்கத்தில் எல்லோரையும் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார்.

உன் அப்பா இத்தனை பேசி நான் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. இதை அவரிடம் சொல்லிவிடாதே.

அம்மா


ஹானா,
ஜூலை

கியோக்கிக்கு,

நீங்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. மேசனுக்கு அருவி பிடித்திருந்தது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். உன்னோடு வேலை செய்கிறவர் டிசம்பரில் மாவிக்கு வருகிறாராம், ஒரு நாளை ஹானாவுக்குக் கொடுக்கலாமா என்று உன்னிடம் கேட்கிறாராம், என்ன சொல்லட்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்று சொல். அவருக்கு இங்கே யாரும் இல்லை. யாராவது இருக்கிறவர்களே வந்து போகிற அழகைப் பார்த்துவிட்டேன்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே என்று எழுதப் போனேன். வேண்டாம், நினை. கோபமாகத்தான் எழுதுகிறேன்.

என் போன கடிதத்தில் நான்கு கேள்வி கேட்டிருந்தேன். அதற்கு நீ செல்லில் அனுப்பியது ஒரு கட்டைவிரல் படம். நாங்கள் இரண்டு பேரும் அதை உட்கார்ந்து பார்த்தோம். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று அப்பா அர்த்தம் சொன்னார். நானும் நம்பினேன். இந்த ஊரில் ஒருவன் வருகிறேன் என்றால் சாப்பிட்டு, படுத்து, மறுநாள் போவான். மத்தியானம் வருகிறேன் என்று சொன்னவனிடம் எத்தனை மணிக்குப் போவாய் என்று இங்கே யாரும் கேட்டதில்லை. கேட்டால் அது அவமரியாதை. நாங்கள் கேட்கவில்லை. அதுதான் நாங்கள் செய்த தப்பு.

புதன்கிழமை அப்பா மெஷினுக்குப் போகவில்லை. வேன் வந்து வாசலில் நின்றது, இவர் போகச் சொல்லிவிட்டார். நான் கத்தினேன். போய்விட்டு வந்தால் மறுநாள் பாதிப் பொழுது எழுந்திருக்க முடியாது, பையன் வருகிறபோது படுத்துக் கிடக்க மாட்டேன் என்றார். வெள்ளிக்கிழமை போய்க்கொள்கிறேன், ஒரு தடவை விட்டால் ஒன்றும் ஆகாது என்றார். அன்று ராத்திரி படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினார்.

வியாழன் விடியற்காலையில் ஹனலே நெருப்பு மூட்டினான். கல் பழுத்ததும் வாழைத்தண்டை நசுக்கிப் பரப்பி, பன்றியை இறக்கி, இலை போட்டு, நனைத்த சாக்கு போட்டு, மேலே மண்ணைத் தள்ளி மூடினார்கள். அப்பாவால் குனிய முடியவில்லை. கையில் குச்சியை வைத்துக்கொண்டு இங்கே புகை வருகிறது, அங்கே புகை வருகிறது, மண் போடு என்று காட்டிக்கொண்டிருந்தார். பிறகு குளித்து, பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டார். கழுத்துப் பொத்தான் போட முடியவில்லை. கழுத்து அவ்வளவு வீங்கியிருந்தது.

மத்தியானம் உன் போன் வந்தது. கடற்கரைப் பூங்காவில் நிற்கிறோம், சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் விட்டிருக்கிறார்கள், நாங்கள் மேலே வீட்டுக்கு வரவா நீங்கள் இறங்கி வருகிறீர்களா என்று கேட்டாய். எனக்கு முதலில் விளங்கவே இல்லை. யார் விட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். டூர் வேன் வழிகாட்டி என்றாய். என் பிள்ளைக்கு அவன் பிறந்த ஊரில் முக்கால் மணி நேரம் அனுமதி கொடுக்க ஓரிகனிலிருந்து ஒருத்தன் வந்திருக்கிறான். நீங்கள் நடந்து மேலே வரும்போது அவனும் கூடவே வந்து, இங்கே மக்கள் எவ்வளவு எளிமையாக வாழ்கிறார்கள் பாருங்கள் என்று வேனில் வந்த மற்றவர்களுக்கு நம் வீட்டைக் காட்டிச் சொன்னான். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அதற்காவது வெட்கப்பட்டாயே என்று எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

அப்பா உன்னை இழுத்து, நம் வழக்கப்படி நெற்றியில் நெற்றி வைத்து உன் மூச்சை உள்ளே வாங்கினார். நீ அவரைத் தோளில் தட்டி, "அப்பா, நல்லா சதை போட்டிருக்கீங்களே, மெஷின் ஒத்துக்கிச்சு போல" என்றாய். கியோக்கி, அது சதை இல்லை. அது தண்ணீர். நீ வருகிறாய் என்று அவர் உடம்பில் தேக்கி வைத்திருந்த தண்ணீர். அவர் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன், என் கையைப் பிடித்து அழுத்தினார்.

ஷெல்பியை நான் நல்ல விதமாக நினைத்தவள் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள்தான் அவர் காலைப் பார்த்தாள். செருப்பு வார் சதையில் பதிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏன் இப்படி வீங்கியிருக்கு, இவரை யாராவது டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று உன்னைத்தான் கேட்டாள். நீ வயதாகிவிட்டது என்றாய். ஊர் விட்டு ஊர் வந்தவளுக்குத் தெரிந்தது, உனக்குத் தெரியவில்லை. அவளிடம் என் அன்பைச் சொல்.

பன்றி இன்னும் குழியில்தான் இருக்கிறது, சாயங்காலம்தான் திறக்க வேண்டும் என்று நான் சொன்னபோது நீ வாட்சைப் பார்த்தாய். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாய், அதையும் கவனித்தேன். அப்போது அப்பா ஹனலேயிடம் திற என்றார். ஹனலே அசையவில்லை. "அண்ணே, இன்னும் வேகல. இப்பத் திறந்தா சூடு போயிரும், அப்புறம் மூடினாலும் ஆகாது" என்றான். "திறடா. தின்ன முடியலன்னாலும் பரவால்ல, வாசத்தையாவது மோந்துட்டுப் போகட்டும்" என்றார் உன் அப்பா. இந்த ஊரில் நேரம் ஆகாமல் இமுக் குழியைத் திறந்த மனிதன் யாரும் கிடையாது. ஹனலே மண்வெட்டியை எடுத்தான். மண்ணைத் தள்ளி, சாக்கை இழுத்து, இலையை விலக்கினான். ஆவி போய்த் தெளிந்தபோது தோல் வெளுத்துக் கிடந்தது. எலும்புப் பக்கம் சிவப்பு மாறவில்லை. ஐவி பன்றியின் முகத்தைப் பார்த்து அழுதாள். மேசன் போட்டோ எடுத்தான். வேனில் கொடுத்த சாண்ட்விச்சைப் பிள்ளைகள் நம் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கீழே ஹாரன் அடித்தது. அப்புறம் போய்விட்டீர்கள்.

ஹனலே மறுபடியும் மூடினான். அவன் சொன்னதுதான் நடந்தது. சாயங்காலம் பன்றியைத் துண்டு போட்டு அடுப்பில் பானை வைத்து வேகவைத்தேன். அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்தார்கள். வெந்ததும் வேகாததுமாகச் சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். நீ எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருவராவது கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மெஷினில் ஒரேயடியாகத் தண்ணீரை இழுத்ததில் காலும் வயிறும் இழுத்துக்கொண்டு அலறியிருக்கிறார். நர்ஸ் போன் செய்தாள். அன்று அங்கேயே தங்க வைத்தார்கள். மறுநாள் ஹனலே போய்க் கூட்டி வந்தான். வந்து படுத்தார். பிறகு பேசினார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வாரத்துல மூணு நாள் ரோட்டுலயே போகுது, நோயெலானி. மறுநாள் படுக்கையில போகுது. எனக்குன்னு மிச்சம் என்ன இருக்கு? இருக்கிற கொஞ்ச நாளை அந்த வேனுக்குக் குடுக்க மாட்டேன். வீட்லயே இருந்துக்கறேன்."

டாக்டரிடமும் சொல்லிவிட்டார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மெஷினை நிறுத்தினால் இரண்டு வாரம், மிஞ்சிப்போனால் இன்னும் கொஞ்சம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இந்த மாதக் கடைசிவரை போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவும் நர்ஸ் அழுததற்காக. உன்னிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. சொன்னால் லீவு கேட்டு முதலாளி காலில் விழுவாய், பாவம் என்கிறார். உன்னைப் பாவம் என்கிறார்.

நான் சண்டை போட்டேன். அழுதேன். கடைசியில் கெஞ்சினேன். மெஷினை விடத்தான் வேண்டுமென்றால் விடுங்கள், கியோக்கி வருகிற வரைக்குமாவது போங்கள் என்று சொன்னேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அவன்தான் வந்துட்டுப் போயிட்டானே" என்றார்.

 அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் நீ வந்து சொல். லீவு இல்லை என்று எழுதாதே, நான் படிக்க மாட்டேன். கட்டைவிரல் அனுப்பாதே. தனியாக வந்தாலும் சரி, ஷெல்பியோடு வந்தாலும் சரி, வேனில் மட்டும் வராதே. விமான நிலையத்தில் ஹனலே நிற்பான், எந்த நாள் என்று மட்டும் சொல்.

மேசனும் ஐவியும் நோய்நொடியில்லாமல் வளரட்டும். பெரியவர்களாகி எங்கெங்கோ போய் நன்றாக இருக்கட்டும். என்றைக்காவது உன் வீட்டுக்கு வருவதைப் பற்றி அவர்கள் பேசும்போது, போய்வர எவ்வளவு நேரமாகும் என்று யாரையும் கேட்காமல் இருக்கட்டும்.

அம்மா